விபாசனாவுக்குப் போகுமுன் முழங்காலைப் பழக்குங்கள்

மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கும் தியானமான விபாசனாவின் பத்து நாள் முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? சரி, இன்றைக்கே நாற்காலியை விட்டுத் தரைக்கு வாருங்கள். அங்கே விடிகாலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் தியானம். இடைவேளையில் நடக்கலாம், ஆனால் யோகாசனத்துக்கோ வேறு உடற்பயிற்சிக்கோ அனுமதி கிடையாது. அதனால் உடம்பை வீட்டிலேயே தயார் செய்துவிட வேண்டும்.

நான் ஒரு மாதம் முன்பே தொடங்கினேன். காலையில் ஆறு சூரிய நமஸ்காரம், அப்புறம் சம்மணம். 10 நிமிடத்தில் ஆரம்பித்து 40 வரை கொண்டுபோனேன். நாலாக மடித்த போர்வையைப் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும்.

முகாமில் நாலாம் நாள் முதல் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் அமர்வுகள் உண்டு. இடது முழங்கால் நெருப்பாக எரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், எரிச்சல் துடிப்பாகி, மெல்ல அடங்கியது. வீடு திரும்பிய வாரம் மகன் பாலைக் கொட்டினான். வாய் திறக்குமுன் மூச்சைக் கவனித்தேன், கோபம் அப்படியே இறங்கிவிட்டது. எனக்கு அது பெரிய மாற்றம்.

மூட்டு வலி உள்ளவர்கள் தயங்காமல் நாற்காலி கேளுங்கள், தருவார்கள்.