'ப்ளவுஸ்' என்ற ஒரு சொல்லுக்கு 180 வெள்ளி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு ஒரு சின்னத் தையற்கடை. போன தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஒரு வீடியோ செயலியில் தேடல் விளம்பரம் போட்டேன். தேடுசொல் கேட்ட கட்டத்தில் 'ப்ளவுஸ்' என்று மட்டும் எழுதினேன். 180 வெள்ளி (ரிங்கிட்) கரைந்தது. புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்தவர்களில் நான்கு பேர் ஆபீஸுக்கு ரெடிமேட் சட்டை கேட்டார்கள், இரண்டு பேர் தையல் வகுப்பு, ஒரு பையன் வேலை. சேலைத் துணியோடு ஒருவரும் வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். செயலி எதை விற்கிறது என்று தெரியாமலே வாங்கிவிட்டேன்.

வீடியோக்களுக்கு நடுவே வரும் விளம்பரம், ஜாலான் துன் சம்பந்தனில் போகிறவர் வருகிறவரிடம் துண்டுச்சீட்டு நீட்டுவது மாதிரி. தேடுகிறவர் அப்படி இல்லை, அவரே படியேறி வந்து "அக்கா, தைப்பீங்களா?" என்கிறார். செயலிகள் விலை வைப்பது அந்தக் கேள்விக்கு. ஒவ்வொரு தேடலுக்கும் கண்மூடித் திறப்பதற்குள் ஓர் ஏலம் நடக்கிறது. அதிகம் கேட்டவருக்கே இடம் என்றும் இல்லை. விளம்பரத்தை யாராவது அழுத்தினால்தான் காசு என்ற கணக்கில், அழுத்தப்படாத விளம்பரத்தால் செயலிக்கு ஒரு சென்னும் வராது. அதனால் தேடிய சொல்லுக்குப் பொருந்தும் விளம்பரம் குறைந்த காசிலும் முன்னால் நிற்கும்.

கூகுள் 2000-இலேயே தேடுசொல் விளம்பரம் விற்க ஆரம்பித்துவிட்டது. ட்விட்டர் 2010-இல் தேடல் முடிவுகளில் விளம்பரம் வைத்தது, பின்டரெஸ்ட் 2017-இல், டிக்டாக் 2023-இல். முகநூல் 2012-இல் முயன்று அடுத்த ஆண்டே விட்டது; அங்கே அப்போது ஆளைத்தான் தேடினார்கள், பொருளை இல்லை என்பது என் கணிப்பு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. காசு போடும் முன் தேடல் பெட்டியில் உங்கள் தொழிலைப் பாதி தட்டி, கீழே என்னென்ன விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் பழைய புலனச் செய்திகளைப் படியுங்கள். நான் ஒரு மாதத்துச் செய்திகளைப் படித்தேன். 'ரவிக்கை' என்று ஒருவர்கூட எழுதவில்லை. 'ஊப்பா ஜாஹிட் ப்ளவுஸ் சாரி' (மலாயில் 'ஊப்பா ஜாஹிட்' என்றால் தையல் கூலி), 'ஆரி ஒர்க் பிரிக்ஃபீல்ட்ஸ்' (ஆரி என்பது கொக்கி ஊசியால் போடும் பூவேலை) என்றுதான் இருந்தது. அந்தச் சொற்களைத்தான் வாங்க வேண்டும்.

வேண்டாத சொற்களை விலக்க ஒரு கட்டம் இருந்தால், அதை முதலில் நிரப்புங்கள். என் பட்டியல்: கெலாஸ் ஜாஹிட் (தையல் வகுப்பு), கெர்ஜா கோசோங் (வேலை காலி), போரோங் (மொத்த விற்பனை), ரெடிமேட். எந்தத் தேடலுக்கு உங்கள் காசு போனது என்று விளம்பரக் கணக்கில் ஓர் அறிக்கை இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதைப் பார்த்துப் பட்டியலை நீட்டுங்கள்.

வீடியோவின் முதல் வரியிலேயே அதே சொல்லும் தையல் கூலியும் வரட்டும். கூலி பார்த்துப் பயப்படுகிறவர் அழுத்தாமல் போனால் நமக்கு லாபம்தான்.

ஒரு நாளைக்கு 10 வெள்ளி, ஏழு நாள் போதும். கடைக்கு வருகிறவரிடம் "எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வாரம் 70 வெள்ளிக்கு மூன்று பேர் வந்தார்கள், ஆளுக்கு 23 வெள்ளிக்கு மேல். சாதா ப்ளவுஸில் லைனிங், நூல் போக எனக்கு நிற்பதே அவ்வளவுதான். ஆரி வேலைப்பாட்டுக்கு மட்டும் கட்டுப்படியாகும் என்று தெரிந்ததும் மற்றச் சொற்களை எடுத்துவிட்டேன்.

ஆர்டர் நிறைந்த அன்றே விளம்பரத்தை நிறுத்துங்கள். நான் மறந்துபோய், தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் பதினொரு பேருக்கு "இடமில்லை, மன்னிச்சிடுங்க" என்று எழுதினேன். அந்தப் பதினொரு அழுத்தலுக்கும் காசு கட்டியாயிற்று.