காங்கிரீட் தளத்துக்கு அடியில் கட்டம் கட்டமாக உத்தரம்: காஃபர்டு சீலிங் செய்வது எப்படி?

கூரையில் உத்தரங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, நடுவில் கட்டங்கள் பள்ளமாகத் தெரிவதுதான் காஃபர்டு சீலிங். ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் காங்கிரீட் கவிமாடத்தில் இந்தப் பள்ளங்கள் 5 அடுக்குகளாக, அடுக்குக்கு 28 என்ற கணக்கில் இருக்கின்றன. அங்கே அவை கவிமாடத்தின் எடையைக் குறைக்கவும் உதவின. நம் வீடுகளில் பாரத்தைத் தாங்குவது காங்கிரீட் தளம். கீழே நாம் மாட்டும் உத்தரம் அழகுக்கு மட்டும்தான், அதனால் உள்ளே வெறுமையாக, லேசாக இருந்தால் போதும்.

இந்த வேலையைத் தொடங்க வேண்டிய இடம் மின்விசிறிக் கொக்கி. பலர் சுவரிலிருந்து அளக்க ஆரம்பித்து, கடைசியில் விசிறி ஏதோ ஒரு உத்தரத்தின் ஓரத்தில் வந்து நிற்கும்போதுதான் கவனிக்கிறார்கள். விசிறி ஒரு கட்டத்தின் நட்டநடுவில் தொங்கினால் மட்டுமே இந்தக் கூரை பார்க்க நன்றாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அறையைப் பாருங்கள்

தரையிலிருந்து தளம் வரை 10 அடி இருந்தால் 4 அங்குல ஆழ உத்தரம் தாராளமாகப் பொருந்தும். 9 அடிதான் என்றால் 3 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் குறைவான அறையில் வேண்டாம், தலைக்கு மேல் அழுத்துவது போல இருக்கும்.

மேல்மாடி என்றால் தளத்தில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு உப்பியிருந்தாலோ, கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் எதையும் மாட்டாதீர்கள். பரண் கதவு மேலே எவ்வளவு உயரம் வரை திறக்கிறது, ஏசிக்கு மேல் காற்று இழுக்க எவ்வளவு இடம் வேண்டும், திரைச்சீலைக் கம்பி எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டி வரும் உத்தரம் இவற்றில்தான் இடிக்கும்.

எந்தப் பொருள்?

கடைகளில் பாலியூரித்தேனில் வார்த்த, மரம் போலவே தோன்றும் ஆயத்த உத்தரங்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல், வேலை குறைவு. தெர்மோகோல் உத்தரம் மலிவு, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். மின்கம்பி ஓடும் கூரையில் அதை வைக்க நான் சொல்லமாட்டேன். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஊதிவிடும். கரையான் தொல்லை உள்ள வீட்டுக்கு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை நல்லது.

இங்கே நான் விளக்குவது 9 மி.மீ. பிளைவுட்டில் செய்யும் பெட்டி உத்தரம். தண்ணீர் தாங்கும் தரத்தில், அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக வாங்குங்கள். 5 அங்குல அகலம், 4 அங்குல ஆழத்தில் மூன்று பலகை சேர்த்துச் செய்தால் அடிக்கு ஏறக்குறைய 600 கிராம்தான் வரும். அதே அளவு தேக்கு உத்தரம் இரண்டரை கிலோவைத் தொடும்.

கட்டம் பிரிக்கும் கணக்கு

12 அடிக்கு 14 அடி அறையை எடுத்துக்கொள்வோம். விசிறி நடுக்கட்டத்தில் வரவேண்டுமானால் இரண்டு பக்கமும் கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கவேண்டும். ஆகவே 3க்கு 3.

12 அடி என்பது 144 அங்குலம். சுவரோரம் இரண்டு, நடுவில் இரண்டு என்று நான்கு உத்தரங்கள், தலா 5 அங்குலம். 144-இல் 20 போக 124. அதை மூன்றால் வகுத்தால் கட்டத்துக்கு 41⅓ அங்குலம். 14 அடிப் பக்கம் இதே கணக்கில் 168-இல் 20 போக 148, கட்டத்துக்கு 49⅓ அங்குலம். கட்டம் சதுரமாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அறை எந்த விகிதத்தில் நீளமோ ஏறக்குறைய அதே விகிதத்தில் கட்டமும் நீளமாக இருப்பதால் கண்ணுக்கு உறுத்தாது.

கொக்கி பெரும்பாலும் அறையின் சரியான மையத்தில் இருக்காது, இரண்டு மூன்று அங்குலம் தள்ளித்தான் இருக்கும். அப்போது நடுக்கட்டத்தைக் கொக்கிக்குச் சரியாக வைத்துவிட்டு, வித்தியாசத்தைச் சுவரோர உத்தரத்தின் அகலத்தில் கூட்டிக் குறைத்துச் சமாளியுங்கள். அங்கே யாரும் கவனிக்கமாட்டார்கள்.

விசிறியின் தண்டையும் பாருங்கள். சாதாரணத் தண்டில் இறக்கைகள் தளத்துக்குச் சுமார் ஓர் அடி கீழே சுற்றும். உத்தரம் 4 அங்குலம் போனாலும் இடைவெளி இருக்கும். கூரையோடு ஒட்டிய விசிறி என்றால் தண்டை மாற்றியே ஆகவேண்டும்.

நூல் அடித்தல்

கணக்கைத் தாளில் வரைந்தபின் சாக் லைன் (சாக்பொடி தடவிய நூல்) கொண்டு தளத்தில் நீலக் கோடு அடியுங்கள். ஒவ்வொரு உத்தரத்துக்கும் இரண்டு ஓரக் கோடுகள். மூலைமட்டத்தை வைத்து மட்டும் நம்பாமல், நடுக்கட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் கட்டம் நேர். கோடு போட்டபின் கீழே இறங்கி, அறை வாசலில் நின்று பாருங்கள். கோணல் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும், அழிப்பதும் சுலபம். இந்த ஒரு வேலைக்கு அரைநாள் போனாலும் பரவாயில்லை.

ரீப்பர் பொருத்துதல்

உத்தரம் நேராகத் தளத்தில் தொங்காது. தளத்தில் ரீப்பர் எனும் மரத்துண்டுகளை முடுக்கி, பெட்டியை அதன்மேல் ஏற்றி, பக்கவாட்டில் ஸ்க்ரூ அடிக்கிறோம். பெட்டியின் உள்ளகலம் 4¼ அங்குலம் வரும். 4 அங்குல அகலம், 1½ அங்குலக் கனமுள்ள மரத்தை ஓர் அடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு அடிக்கு ஒன்றாக வையுங்கள். சந்திப்புகளிலும் முனைகளிலும் கட்டாயம் ஒரு துண்டு வேண்டும். பக்கத்துக்கு ஒரு நூல் (⅛ அங்குலம்) இடைவெளி இருப்பது நல்லதுதான், உத்தரத்தைக் கோட்டுக்குச் சரியாக நகர்த்த அது உதவும்.

துளை போடும்முன் மெயினை அணைத்துவிடுங்கள், டிரில்லுக்கு வேறு வீட்டிலிருந்தோ மாடியிலிருந்தோ தனி இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். விசிறிப் பெட்டியிலிருந்து சுவிட்ச்போர்டு வரை தளத்துக்குள் மின்குழாய் ஓடும். அந்தப் பாதையை விட்டு ஒரு சாண் தள்ளியே துளையுங்கள். ஹேமர் டிரில்லில் 8 மி.மீ. பிட், 2 அங்குல ஆழம். நடுவில் கம்பி தட்டுப்பட்டால் முட்டிமோத வேண்டாம், ஓர் அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கைத் துளைக்குள் இறக்கி, 3 அங்குல ஸ்க்ரூவால் ஒவ்வொரு துண்டையும் இரண்டு இடத்தில் முடுக்குங்கள். பிட்டில் ஒரு பேப்பர் கப்பைச் சொருகிக்கொண்டால் தூசி முகத்தில் கொட்டாது. அப்படியும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பசை மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். டிஸ்டம்பரோ சுண்ணாம்போ அடித்த தளத்தில் பசை பிடிப்பது வண்ணத்தைத்தான், காங்கிரீட்டை அல்ல. வண்ணம் உரியும் நாளில் உத்தரம் கீழே வரும். தலைக்கு மேல் இருக்கும் பொருளுக்கு ஸ்க்ரூதான்.

பெட்டி செய்தல்

8க்கு 4 பிளைவுட்டைக் கடையிலேயே பட்டைகளாக அறுக்கச் சொல்லுங்கள். பக்கப் பலகை 4 அங்குலம், அடிப்பலகை 4¼ அங்குலம். இந்த அறைக்கு 4 ஷீட் போதும். அடிப்பலகையைப் பக்கப் பலகைகளுக்கு நடுவில் வைத்து, உள்மூலைகளில் முக்கால் அங்குலச் சதுர பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, பசை தடவி ஆணி அடியுங்கள். 9 மி.மீ. பலகையின் விளிம்பில் நேராக ஆணி இறக்கினால் பிளந்துவிடும், அதற்காகத்தான் பீடிங்.

சுவரோர உத்தரத்துக்கு ஒரு பக்கமும் அடியும் போதும். மறுபக்கம் சுவர் இருக்கிறதே. அதனால் 5 அங்குல அகலம் வர, இங்கே அடிப்பலகை ஏறக்குறைய 4⅝ அங்குலம் வேண்டும். அடிப்பலகை உட்கார, சுவரிலும் ஒரு ரீப்பர் அடித்துக்கொள்ளுங்கள்.

சாயம், வண்ணம் முதல் பூச்சைக் கீழே வைத்தே முடித்துவிடுங்கள். அண்ணாந்து பார்த்து வண்ணம் அடிப்பதைப் போலக் கழுத்து வலிக்கும் வேலை வேறில்லை.

மேலே ஏற்றுதல்

முதலில் நான்கு சுவரோரங்கள். அப்புறம் 12 அடிப் போக்கில் இரண்டு முழு உத்தரங்கள். பலகை 8 அடிதான் என்பதால் இதில் ஒட்டு வரும். அந்த ஒட்டு குறுக்கு உத்தரம் வந்து சேரும் சந்திப்பில் விழும்படி வெட்டுங்கள். நம் அளவில் 8 அடிப் பலகை இரண்டாவது சந்திப்பைத் தாண்டிச் சில அங்குலம் நீளும், அதைக் கழித்தால் போதும். பிறகு குறுக்குத் துண்டுகள் ஆறு. 49⅓ என்று ஆறையும் ஒரே அளவில் வெட்டிவிடாதீர்கள், ஒவ்வொரு இடத்தையும் தனியாக அளந்து வெட்டுங்கள்.

இதற்குச் சாரமும் இரண்டு ஆட்களும் வேண்டும். பெட்டியை ஏற்றிப் பிடித்து, அடிப்பக்கத்தை ரசமட்டத்தால் பார்த்து, ஒவ்வொரு ரீப்பருக்கும் பக்கத்துக்கு ஒன்றாக 1 அங்குல ஸ்க்ரூ. தலை உள்ளே அமிழவேண்டும்.

விளக்குக்கான கம்பியை உத்தரத்துக்குள் கொண்டுபோகலாம், ஆனால் குழாய்க்குள் மட்டும். மூடிய பெட்டிக்குள் கம்பியில் ஒட்டு வேண்டாம். இதை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

இடைவெளி அடைத்தல்

எந்தத் தளமும் முழுக்கச் சமமாக இருக்காது. உத்தரத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு நூல் இரண்டு நூல் வெளிச்சம் தெரியும். அக்ரிலிக் சீலன்ட் இழுத்து ஈர விரலால் தடவிவிடுங்கள். சாதாரண சிலிகான் வாங்கிவிடாதீர்கள், அதன்மேல் வண்ணம் ஒட்டாது. இடைவெளி பெரிதாக இருந்தால் அரை அங்குல பீடிங்கைச் சுற்றி அடித்து மறைக்கலாம். ஸ்க்ரூத் தலைகளையும் பலகை விளிம்புகளையும் மரப் பட்டியால் (வுட் புட்டி) நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, கடைசிப் பூச்சை அடியுங்கள். உயரம் குறைந்த அறையில் உத்தரமும் தளமும் ஒரே வெள்ளையாக இருக்கட்டும். 10 அடி இருந்தால் தேக்கு நிறம் தாராளமாகக் கொடுக்கலாம். பூச்சு முழுதாகக் காய்ந்தபின் விசிறியை மாட்டுங்கள்.