அவள் குரலில் வேறொருவர்: தாம்பத்தியத்துக்குள் ஒரு பேய்க்கதையை எழுதும் முறை

பேய் பிடித்த மனைவியைப் பற்றியோ கணவனைப் பற்றியோ கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பேயிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது யார், எப்படிச் செத்தது, யாரைப் பழிவாங்க வந்திருக்கிறது என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் இரவு விளக்கை அணைப்பது யார் என்பதைக்கூட யோசிக்காமல் முதல் வரியை எழுதிவிடுகிறார்கள். நான் எழுதிய முதல் பேய்க்கதை இப்படித்தான் கெட்டது. பேய் மிரட்டலாக வந்து நின்றது, ஆனால் அது யாருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது படித்தவர் எவருக்கும் தெரியவில்லை.

ஆகவே முதலில் திருமணத்தை எழுதுங்கள். கதவைத் தாழிடுவது யார், கட்டிலில் சுவரோரம் படுப்பது யார், சண்டைக்குப் பிறகு முதலில் வாய் திறப்பது யார் என்பவற்றைக் கதையில் பயன்படுத்தாவிட்டாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுள் மிகவும் பயன்படுவது, ஆண்டுக்கணக்கில் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சண்டை. அன்பைவிட அதில்தான் அந்த இருவரின் அடையாளம் அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

அடுத்து, உடலில் புகுந்த ஆவிக்கு என்னென்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்ய வேண்டும். உடம்பின் பழக்கம் கிடைத்து நினைவு கிடைக்காமல் போகலாம்; அப்போது கை தானாகக் கூந்தலை முடியும், ஆனால் கணவன் வைத்த செல்லப்பெயருக்குக் காரணம் தெரியாது. இது எளிய வழி என்பதால் பலரும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: ஆவிக்கு மனைவியின் நினைவு கிடைப்பதில்லை, எதிரே நிற்கும் கணவனின் நினைவுதான் கிடைக்கிறது என்று வைத்துப் பாருங்கள்.

இப்படி ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள்: எட்டு ஆண்டுகளுக்கு முன், குடிவந்த முதல் வாரத்தில் வீட்டுச் சாவி தொலைந்துபோனது. தொலைத்தது அவள் என்று அவனும், அவன் என்று அவளும் இன்றுவரை விட்டுக்கொடுக்காமல் சொல்லி வருகிறார்கள். சில நாட்களாக அவளிடம் ஏதோ சரியில்லை என்று உறுத்திக்கொண்டிருக்க, ஓரிரவு இருட்டில் படுத்தபடி அவன் விளையாட்டுப்போல் கேட்கிறான்: "அந்தச் சாவியைத் தொலைத்தது யார்?" அவள் அவன் பக்கம் திரும்பாமல், "நான்தான், படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது மடியிலிருந்து விழுந்துவிட்டது" என்கிறாள். அவன் எத்தனையோ முறை சொல்லி வாதாடிய கதை, அவன் பயன்படுத்தும் அதே சொற்களில், அவள் வாயிலிருந்து வருகிறது. இந்த இடத்தில் அவனை உடனே அலற விடாதீர்கள். முதலில் அவன் மகிழட்டும். எட்டு ஆண்டு வழக்கில் வென்றவனாய்ப் புன்னகைத்துக்கொண்டே கண்ணை மூடட்டும். பிறகுதான், இதைச் சொல்வதற்கு அவள் அவளாக இருக்க முடியாது என்பது அவன் நெஞ்சில் இறங்க வேண்டும். இங்கே கண்ணை உருட்டுவதும் குரல் மாறுவதும் தேவையே இல்லை.

அணங்கு என்ற சொல் நம் மொழியில் வருத்தும் தெய்வத்தையும் குறிக்கும், அழகிய பெண்ணையும் குறிக்கும். திருக்குறளின் 1081ஆம் குறளில் காதலன் முதல் பார்வையிலேயே இவள் அணங்கோ, மயிலோ, பெண்தானோ என்று மயங்குகிறான். காதல் தொடங்கும்போது இனிக்கிற அதே ஐயம் பல ஆண்டு வாழ்ந்த பிறகு திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இவ்வகைக் கதையின் கரு.

அந்த ஐயத்துக்கு மருத்துவத்திலும் இடமுண்டு. தன் கணவரும் நெருங்கியவர்களும் அதே உருவம் கொண்ட வேறு ஆட்களாக மாற்றப்பட்டுவிட்டார்கள் என்று உறுதியாக நம்பிய ஒரு பெண்ணைப் பற்றி, பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிராஸ் 1923இல் எழுதினார். அந்நிலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. முகத்தை அடையாளம் காணும் திறன் கெடாமல் இருக்க, அம்முகத்தைக் கண்டதும் எழ வேண்டிய நெருக்க உணர்வு மட்டும் எழாமல் போவதே காரணம் என்பது பரவலான விளக்கம். இதை ஒரு மருத்துவர் பாத்திரத்தின் வாயில் சொற்பொழிவாக வைத்துவிடாதீர்கள். கெட்டுப்போனது அவள்தானா, பார்க்கும் அவன் கண்தானா என்ற கேள்வியைக் கதை நெடுகத் திறந்து வைப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு, கதையை அவன் பார்வையை விட்டு ஓர் அடிகூட வெளியே போகாமல் சொல்வது நல்லது.

இதில் கவனம் தப்பினால் கதை கொலைகாரனுக்கு வக்கீலாகிவிடும். 1895இல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற பெண் நோயுற்றுப் படுத்திருந்தபோது, அவளைத் தேவதைக் கூட்டத்தார் கடத்திச் சென்றுவிட்டார்கள், படுக்கையில் கிடப்பது அவர்கள் மாற்றி வைத்துவிட்டுப் போன போலி என்று கணவன் மைக்கேல் சொன்னான். நீ யார், சொல் என்று உறவினர் சூழ நின்று அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தான் பிரிட்ஜெட்தான் என்று அவள் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. அவள் தீயில் மாண்டாள், அவன் 15 ஆண்டுகள் சிறையில் இருந்தான். சோதித்துப் பார்க்கும் கணவனை எழுதும்போதெல்லாம் இந்த அறையை நினைவில் வையுங்கள். அவன் கேள்வி கேட்கும் ஒவ்வொரு காட்சியிலும், உள்ளே இருப்பது ஒருவேளை நோயுற்ற மனைவியேயானால் அந்தக் கேள்வி அவளுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருமுறை அவள் பக்கமிருந்து படித்துப் பார்த்துத் திருத்துவது என் வழக்கம். அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடிக்கும்போது, வாசகருக்குப் பேயிடம் வரும் பயத்தைவிட அவனிடம் வரும் பயம் அரைக் கணமாவது மிகுந்திருக்க வேண்டும்.

பேயோட்டும் காட்சியைச் சுருக்கமாக முடித்துவிடலாம்; அதை எல்லோரும் படித்துச் சலித்துவிட்டார்கள். மூடிய கதவுக்கு வெளியே அவன் காத்திருப்பதை எழுதினால் போதும்.

முடிவுக்குச் சாவி இருக்கிறது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லிப் போன பிறகு, அவன் நடுங்கும் குரலில் அதே கேள்வியை மீண்டும் கேட்கட்டும். "நீங்கள்தான் தொலைத்தீர்கள், வேறு யார்?" என்று அவள் பழைய எரிச்சலோடு சொல்லட்டும். அவன் இப்போது கேட்க ஏங்கிக்கொண்டிருந்ததும் அந்தப் பதிலைத்தான் என்பதை மட்டும் இரண்டு வரி முன்னதாக எழுதி வைத்துவிட்டு, அவள் சொன்ன இடத்திலேயே பேனாவை எடுத்துவிடுங்கள்.