ஆசை நிறைவேறினால் அது அறமா? இந்தப் பேச்சில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

மனிதர்களின் ஆசை நிறைவேற உதவுவது நல்லது, அதைத் தடுப்பது கெட்டது. சாமியையும் வேதத்தையும் இழுக்காமல் அறத்தை விளக்க நினைக்கும் பலர் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் ஒட்டுக்கடைகளில் இந்தப் பேச்சு வந்தால், தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் தடம் மாறிவிடும். அதுவும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான்.

“அப்போ அவனவன் இஷ்டத்துக்கு ஆடலாமா?” என்பது முதல் சறுக்கல். இந்தக் கொள்கையில் என் ஆசை மட்டும் கணக்கில் வருவதில்லை. நடுராத்திரியில் ஸ்பீக்கரை அலறவிடும் என் ஆசையும், பிள்ளை தூங்கவேண்டும் என்ற பக்கத்து வீட்டம்மாவின் ஆசையும் சேர்ந்தே கணக்கு.

அடுத்தது, ஆசை நிறைவேறுவதையும் மனம் குளிர்வதையும் ஒன்றாக நினைப்பது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மகளைப் படிக்கவைத்த அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, போலிப் பட்டத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அவருக்கு ஆனந்தக் கண்ணீர். ஆனால் அவர் ஆசைப்பட்டது நடக்கவே இல்லை. வேண்டிய அனுபவத்தையெல்லாம் தரும் இயந்திரம் ஒன்று இருந்தால் காலம் முழுக்க அதில் கிடப்பீர்களா என்று தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் கேட்டதும் இதைத் தொட்டுத்தான். மாட்டேன் என்பவருக்கு உள்ளே கிடைக்கும் இன்பம் போதவில்லை, வெளியே நிஜமாக நடக்கவும் வேண்டும்.

“ஆசையை அறு என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே” என்று பேச்சை முடித்துவிடுபவர்களும் உண்டு. அவா அறுத்தல் என்ற 37ஆம் அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. இல்லறத்தாருக்கு அதே வள்ளுவர் விருந்தோம்பச் சொல்கிறார், மக்கட்பேற்றைக் கொண்டாடுகிறார். அவா அறுத்தலிலும் 362ஆம் குறள், “வேண்டாமை வேண்ட வரும்” என்றே முடிகிறது. ஆசையற்ற நிலைக்கும் அதை வேண்டினால்தான் போய்ச் சேர முடியும்!

இவையெல்லாம் சின்னச் சறுக்கல்கள். பெரிய தவறு, ஆசைகள் மழை மாதிரி தானாக வந்தவை, அளந்து கூட்டினால் போதும் என்று எடுத்துக்கொள்வது. தோட்டப்புறத்தை அறிந்தவர்கள் இதில் விழக்கூடாது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. விடியுமுன் பெரட்டுக்கு (ஆளெண்ணும் வரிசைக்கு) நின்று, வெட்டி, பால் சுமந்து, உடம்பு நொந்து வருபவனுக்கு அங்கே எட்டும் தூரத்தில் இருந்த சுகம் அது ஒன்றுதான். ஆசைப்பட்டான், குடித்தான், ஆசை நிறைவேறியது. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். அன்று லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தலையை எண்ணிக் கணக்குப் போட்டிருந்தால், ஊரின் ஆசைக்குக் குறுக்கே நின்றவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்த ஆசையை வளர்த்த சூழலை யார் அமைத்தது என்பது அந்தக் கணக்கில் வராது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிடைக்காது என்று தெரிந்ததும் மனிதர்கள் ஆசைப்படுவதையே நிறுத்திவிடுகிறார்கள். யோன் எல்ஸ்டர், அமர்த்திய சென் போன்ற சிந்தனையாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். நம் பாட்டிமார்களைக் கேட்டாலும் தெரியும்.

சரி, இதற்கு மாற்று உண்டா? அறவியல் பற்றி எழுதும் அமெரிக்கரான அலோன்சோ ஃபைஃப் கேள்வியையே மாற்றிப் போடுகிறார். செயலை விட்டுவிட்டு ஆசையை எடைபோடு என்கிறார். பிறருடைய ஆசைகள் நிறைவேறத் துணைபோகும் ஆசையைப் பாராட்டி வளர்க்கவேண்டும், கெடுப்பதைக் கண்டித்து ஒடுக்கவேண்டும். எங்கள் ஊர்க்காரரும் அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் சம்பந்தனின் கதை இதற்கு நன்றாகப் பொருந்தும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாட, வேலையும் வீடும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்த காலம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாதம் 10 வெள்ளி (மலாயா டாலர்) போட்டு தோட்டத்தில் பங்கு வாங்கலாம் என்று சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒருவருக்கு அந்த ஆசை வந்தால் பக்கத்து வீட்டுக்காரருடைய ஆசைக்கும் அது பலம். அதற்கு முன் அந்த ஆசை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? ஆசையை விதைக்கலாம் என்பதை ஃபைஃப் பார்த்திருக்கிறார். இந்த வகைக் கொள்கைகளில் எனக்குப் பிடித்தது அவருடையதுதான்.

ஆனாலும் இதையே அடித்தளம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே ஓர் ஆசையை எடைபோடுவது மற்ற ஆசைகளை வைத்துத்தான். அவையும் கங்காணி காலத்திலேயே வளைந்து போனவையாக இருந்தால்? கள்ளு விஷயத்தில் ஃபைஃப் தப்பித்துவிடுவார்: குடி மனைவியின் ஆசைகளைக் கெடுக்கிறது, அதனால் கெட்டது. அந்த மனைவி தனக்கென்று எதையும் ஆசைப்படுவதை எப்போதோ விட்டுவிட்டவளாக இருந்தால், கெடுவதற்கு அங்கே என்ன மிச்சம்? அவளுக்கு ஓர் இழப்பும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இழப்பு உண்டு என்றால், அது அவள் ஆசையைப் பொறுத்ததாக இருக்க முடியாது.