வாய் உப்பிய திலாப்பியாவைத் திரும்ப விடுங்கள்

கந்தளாய்க் குளத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன விசயம். திலாப்பியா 1950களில் இலங்கைக்கு வந்த மீன்தான், ஆனால் இன்று நம் சட்டியில் அடிக்கடி கொதிப்பது அதுவே. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். அந்த நாட்களில் அவ்வளவாக இரை எடுக்காது, என்றாலும் சிலவேளை மாட்டிக்கொள்ளும். தொண்டைப்பக்கம் உப்பியிருந்தால் கரைக்கு இழுக்காதீர்கள். பயத்தில் முட்டைகளைத் துப்பிவிடும். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

கழற்றுவது சுலபமாக, முள் நுனியில் பின்பக்கம் திரும்பியிருக்கும் சிறு கொம்பை முன்கூட்டியே குறட்டால் அமுக்கிவிடுங்கள். தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, தொய்ய விடாமல் இழுத்தால் மீன் பெரும்பாலும் நழுவாது. (எனக்கு முதல் நாள் இரண்டு நழுவின, அது வேறு கதை.)

ஆழமில்லாத கரையோரத்தில் வட்டவட்டக் குழிகள் தெரிந்தால், அவை ஆண் திலாப்பியா தோண்டியவை. மிதிக்காமல் சுற்றிப் போங்கள். தூண்டில் வீச இடைஞ்சல் என்று நாணல் முழுவதையும் வெட்ட வேண்டாம், குஞ்சுகள் ஒளிவது அங்கேதான். அப்புறம், செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விராலை விட்டுவிடுங்கள். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை.