கடி வாங்காம சிலேடை அடிக்கிறது எப்புடி

முதல்ல ஒண்டு சொல்றன், சிலேடைய வீட்டில இருந்து கட்டிக்கொண்டு போகாதீங்க. மற்றாள் சொன்ன சொல்லுக்குள்ளதான் அது கிடக்கும், காதக் குடுத்துக் கேட்டாக் காணும். தேத்தண்ணிக் கடையில நாலு பேர் குந்தியிருக்கம், கடைக்கார அண்ணன் கோப்பையக் கொண்டு வந்து வச்சிட்டு "சுடும், ஆறட்டும் தம்பி" எண்டார், எங்கட கூட்டாளி ஒருத்தன் "ஆறு வேணாம்ணே, நாலு காணும்" எண்டான். அவ்வளவுதான். இதையே மறுகா நாளைக்கு வேற இடத்தில சொல்லிப் பாருங்க, அடிதான் விழும்.

புதுசாப் பழகிறாக்கள் ஊர்ப் பேர்ல தொடங்குங்க, மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் அதுக்குப் பஞ்சமில்ல. தலையில கட்டோட வந்த ஒருத்தனிட்ட எங்க போன எண்டு கேட்டன், கல்லடிக்கு எண்டான், "தெரியுது" எண்டு மட்டும் சொன்னன். ஒரு சொல்லுக்கு மேல போனா இது பழுதாப் போயிரும்.

கல்லடி மாதிரிப் பிரிக்காமலே ரெண்டு கருத்துத் தந்தா செம்மொழிச் சிலேடை எண்டுவாங்க. பிரிச்சாத்தான் மற்றக் கருத்து வருமெண்டா பிரிமொழி. "ஏறாவூருக்கு எந்த பஸ்ல ஏறுற?" எண்டு கேட்டா "ஏறா ஊருக்கு ஏன் ஏறணும், நட" எண்டு சொல்ற மாதிரி.

இனித்தான் முக்கியமான விசயம், காதுக்கு வேற கண்ணுக்கு வேற. அக்கரைப்பற்றில வேல கிடைச்சுப் போன மகன் வீட்டுக்குக் கோலே எடுக்கிறல்ல எண்டு ஒரு அம்மா "அக்கரைப்பத்தில இருந்தும் அக்கறை பத்தல்ல" எண்டா, கேட்ட எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்ச. இத வாட்ஸப்பில டைப் பண்ணினா ர எங்க ற எங்க எண்டு பாதி ருசி போயிரும், வாய்ஸ்ல அனுப்புங்க. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரும் காதத்தான் நம்பின ஆள், பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒண்டாக்கிறதுக்கு "நஞ்சிருக்கும்" எண்டு தொடங்குறார், பாம்பில விசம், பழத்தில நைஞ்சு கிடக்கிறது, நைஞ்சத நஞ்சு எண்டு சொல்ற பேச்சுத்தான் அங்க கைகுடுத்த.

ஆக்கள்ற பேரையும் உடம்பையும் வச்சு அடிக்காதீங்க, அது சிலேடை இல்ல, சண்டைக்குக் கூப்பிர்ற. ஒருத்தரும் சிரிக்கல்லயா, விளக்கம் சொல்லப் போகாதீங்க, பேசாமத் தேத்தண்ணிய எடுத்துக் குடிங்க, அதுவும் இப்ப ஆறியிருக்கும்.