இல்லினாய் ரயில்வே மியூசியம்: முதல் தடவை போறவங்க எப்படிச் சுத்திப் பாக்கணும்?

சிகாகோலேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல கார் ஓட்டினா யூனியன்னு ஒரு சின்ன ஊரு, இல்லினாய் ரயில்வே மியூசியம் அங்கதான் இருக்கு. பழைய வண்டிங்கள பாக்கறது மட்டுமில்ல, ஏறியும் போகலாம். முதல் தடவை நான் நேரா ஷெட்டுக்குள்ள பூந்து போட்டோவா எடுத்துத் தள்ளிட்டு வெளிய வந்தா கடைசி வண்டி கிளம்பிப் போயே போச்சு. நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

1. முதல்ல அவங்க வெப்சைட்ல காலண்டர் பாருங்க, எல்லா நாளும் எல்லா வண்டியும் ஓடாது. நீராவி இன்ஜின் 1630 ஓடுதுன்னு போட்டிருந்தா அன்னைக்கே போயிடுங்க. 1918ல ரஷ்யாவுக்காகச் செஞ்ச இன்ஜின் அது, அங்க புரட்சி வந்ததால அனுப்பாம, அவங்க அகலப் பாதைக்குன்னு இருந்த சக்கரத்த அமெரிக்கத் தண்டவாளத்துக்குத் தோதா மாத்தி இங்கயே ஓட்டிட்டாங்க.

2. டிக்கெட் வாங்கினதும் டிராம். ஒரே டிக்கெட்ல எத்தன தடவ வேணா ஏறலாம். மோட்டர்மேனுக்கு, அதான் வண்டி ஓட்டுறவருக்கு, பின்னாடி சீட்டப் புடிங்க, கன்ட்ரோலர் கைப்பிடிய அவரு ஒவ்வொரு நாட்ச்சா திருப்பத் திருப்ப வண்டி உறுமிக்கிட்டே வேகம் எடுக்கும், அடியில ஏர் கம்ப்ரஸர் டக டகன்னு அடிக்கும்.

3. அடுத்து மெயின் லைன்ல போற எலக்ட்ரிக் வண்டி. லைன் கடைசியில போனைப் பாத்துட்டு உக்காந்துடாதீங்க, இதுதான் வேடிக்கையே! இன்ஜின கழட்டி மாட்டுற வேலையெல்லாம் கிடையாது, மேல போற கரண்ட் கம்பியத் தொடுற கழிய ஒரு பக்கம் இறக்கி மறு பக்கத்துக் கழிய ஏத்துவாங்க, சீட்டோட முதுகுச் சாய்மானத்த எதிர்ப்பக்கம் தள்ளுவாங்க, மோட்டர்மேன் அந்தக் கோடிக்குப் போவாரு, அவ்ளோதான், வண்டி திரும்பியாச்சு.

4. ஷெட்டெல்லாம் அப்புறம். நல்ல ஷூ போட்டுக்கோங்க, நடை ஜாஸ்தி. 1936ல செஞ்ச நெப்ராஸ்கா செஃபிர்ங்கிற ரயில் பளபளன்னு எவர்சில்வர் டப்பா மாதிரி இருக்கும், பெட்டிக்கெல்லாம் வீனஸ், மினர்வான்னு தேவதைங்க பேரு.

ஆனா நான் தேடிப் போறது 65ம் நம்பர் வண்டி. 1953ல பத்துப் பேரு ஆளுக்கு நூறு டாலர் போட்டு இத வாங்கினதுலதான் மியூசியமே ஆரம்பிச்சது. அதே வருஷம்தான் நம்ம மெட்ராஸ்ல டிராம நிறுத்தினாங்க, அத நினைச்சா கொஞ்சம் வயித்தெரிச்சல்தான். வண்டி எந்த ஷெட்லன்னு வாலண்டியர் யார்கிட்டயாவது கேளுங்க, வயசான தாத்தாவா இருந்தா மட்டும் கையில ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா வெச்சுக்கிட்டுக் கேளுங்க.